அரைகுறையாக விழுங்கப்படும் அலை

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி உலவும் பொய்களில் எனக்கு அதிக எரிச்சல் தருவது, அதைக் கண்டு அஞ்சுபவர்கள் சொல்வது அல்ல. அதற்காக வாதாடுபவர்கள் சொல்வது. "தண்ணீர் மூலக்கூறின் இயல்பான அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். அடுப்பும் அதே அதிர்வெண்ணில் அலையை அனுப்புகிறது. அதனால் தண்ணீர் மட்டும் ஒத்ததிர்ந்து கொதிக்கிறது." அறிவியல் காணொளிகளிலும் வினாவிடைப் புத்தகங்களிலும் இந்த விளக்கம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது, மனத்தில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, ஆனால் தவறு. கதிர்வீச்சுப் பயத்தைப் போக்க வந்தவர்களே இப்படி ஒரு கதையை விட்டுப் போனால், இந்த அடுப்பின் விசித்திரங்கள் எதற்கும் பிறகு காரணம் கிடைக்காது. ஓரம் கொதிக்கும்போது நடு ஏன் குளிர்ந்திருக்கிறது, உறைந்த இறைச்சியின் ஒரு மூலை வெந்துபோக மறுமூலை ஏன் கல்லாகக் கிடக்கிறது என்று கேட்டால் அந்தக் கதையிடம் பதில் இல்லை.

நடப்பது இதுதான். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கும் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் உண்டு. அதை ஒரு மின்புலத்துக்குள் வைத்தால் புலத்தின் திசைக்குத் திரும்பப் பார்க்கும். அடுப்புக்குள் இருக்கும் புலமோ நொடிக்கு 245 கோடி முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. மூலக்கூறுகள் அத்தனை முறையும் தலைகீழாகப் புரள்கின்றன என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. திரவத் தண்ணீரில் எந்த மூலக்கூறும் தனியாக நிற்பதில்லை. அண்டை மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டும், அந்தப் பிணைப்புகள் அறுந்து மீண்டும் சேர்ந்துகொண்டும், எல்லாப் பக்கமும் இடிபட்டுக்கொண்டே இருக்கிறது. நெரிசலான பேருந்தில் கதவுப் பக்கம் திரும்ப முயல்பவரின் நிலைதான் அதற்கும்: முழுதாகத் திரும்புவதற்குள் எதிர்த் திசையில் இழுப்பு வந்துவிடுகிறது, ஆனால் அந்த முயற்சியில் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் இடி வாங்கிவிடுகிறார்கள். புலம் மாறுவதற்கும் மூலக்கூறுகள் சாய்வதற்கும் இடையில் சிறு தாமதம் விழுகிறது. அந்தத் தாமதத்தில்தான் அலையின் ஆற்றல் வெப்பமாகிறது. தாமதமே இல்லாமல் மூலக்கூறு புலத்தோடு ஒட்டியே அசைந்தால், வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், உணவு சூடாகாது.

ஆகவே இங்கே ஒத்ததிர்வு, அதாவது இரண்டு அதிர்வெண்களும் ஒன்றாகும்போது அசைவு பெருகுவது, என்று ஒன்றும் இல்லை. திரவத் தண்ணீர் மைக்ரோவேவை உள்வாங்கும் திறனை அதிர்வெண் வாரியாக வரைபடமாகப் போட்டால், கூர்மையான சிகரம் எதுவும் தெரியாது. அகலமான ஒரு மேடுதான் தெரியும். அறை வெப்பநிலையில் அந்த மேட்டின் உச்சி 20 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில், அதாவது அடுப்பின் அதிர்வெண்ணைப் போல ஏழெட்டு மடங்கு தள்ளி இருக்கிறது. கூர்மையான சிகரம் வேண்டுமென்றால் நீராவியில் தேடலாம். அங்கே மூலக்கூறுகள் தனித்தனியாகச் சுழல்கின்றன, 22.2 கிகாஹெர்ட்ஸில் ஒன்று கிடைக்கும். அதுவும் 2.45 அல்ல. நம் அடுப்பு மேட்டின் அடிவாரச் சரிவில்தான் வேலை செய்கிறது.

பிறகு 2.45 எங்கிருந்து வந்தது? இயற்கையிலிருந்து அல்ல, ஒரு கூட்டத்திலிருந்து. 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக வானொலி மாநாடு, அலைவரிசைகளைப் பங்கிட்டபோது, தகவல்தொடர்புக்கு இடையூறு வராதபடி தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில பட்டைகளை ஒதுக்கியது. அவற்றில் ஒன்று இது. தொழிற்சாலைகளில் பெரும் இறைச்சிக் கட்டிகளை இளக்க 915 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அடுப்புகளும் இருக்கின்றன. அவையும் தண்ணீரைச் சூடாக்கத்தான் செய்கின்றன. இரண்டு அதிர்வெண்களும் எப்படித் தண்ணீருக்கே உரிய ஒரே அதிர்வெண்ணாக இருக்க முடியும்?

இந்த அடுப்பைப் பற்றி என்னிடம் யாராவது ஒரே ஒரு விஷயம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: தண்ணீர் இந்த அலையை மோசமாக விழுங்குகிறது என்பதுதான் இதன் பலம். மேட்டின் உச்சியிலேயே, 20 கிகாஹெர்ட்ஸில், ஓர் அடுப்பு செய்து பாருங்கள். தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதற்குள் ஆற்றலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தோல் கொதிக்கும், உள்ளே எதுவும் போகாது. 2.45 கிகாஹெர்ட்ஸில் தண்ணீர் அலையை அரைகுறையாக விழுங்குவதால் மிச்சம் உள்ளே போகிறது. அறை வெப்பநிலைத் தண்ணீரில் ஒன்றரை சென்டிமீட்டரைக் கடந்த பிறகுதான் அலையின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக மூலக்கூறுகள் சுறுசுறுப்பாகி, தாமதம் குறைந்து, அலை இன்னும் ஆழமாகப் போகிறது. ஆம், சூடான தண்ணீர் குளிர்ந்த தண்ணீரைவிடக் குறைவாக விழுங்கும். உப்புப் போட்டால் கதை மாறுகிறது. உப்பின் அயனிகள் புலத்தோடு அங்குமிங்கும் இழுபட்டு மோதித் தாங்களும் வெப்பம் தருகின்றன, அப்படி விழுங்கப்படும் அளவு சூடு ஏற ஏறக் கூடுகிறது. உப்புள்ள சூப்பில் அலை ஓரத்திலேயே தீர்ந்துபோவதும், கிண்ணத்தின் விளிம்பு குமிழியிடும்போது நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருப்பதும் இதனால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே சமைக்கும் என்ற நம்பிக்கையைத் தனியாக மறுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள உணவென்றால் இருபுறமிருந்தும் அலை நடுவரை எட்டும். ஒரு பெரிய உருளைக்கிழங்கின் நடுவுக்கோ பெரும்பாலும் மற்ற அடுப்புகளில் போலவே, வெளியிலிருந்து வெப்பம் மெல்லக் கடந்துதான் போய்ச் சேர வேண்டும். ஆனாலும் அந்த நம்பிக்கை சும்மா பிறக்கவில்லை. ஜாம் வைத்த ரொட்டியைச் சூடாக்கியவர்களுக்குத் தெரியும்: மேலே இதமாக இருக்கும், உள்ளே நாக்கைச் சுட்டுவிடும். வறண்ட ரொட்டி அலையை அதிகம் தடுக்காமல் உள்ளே விட்டுவிடுகிறது, ஈரமும் சர்க்கரையும் நிறைந்த ஜாம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு அடுப்புக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தே இருப்பதால் உணவின் மேற்பரப்பு ஆவியாதலில் சூட்டை இழக்கிறது. அனுபவம் உண்மை, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய். மேற்பரப்பு குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பதால்தான் இந்த அடுப்பில் எதுவும் பொன்னிறமாக முறுகுவதில்லை. ஈரம் இருக்கும்வரை நூறு டிகிரியைத் தாண்டுவது கடினம், முறுகலுக்கு அது போதாது. பாக்கெட் பாப்கார்ன் பையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அலையை வாங்கித் தானே தகதகவென்று சூடாகி, வாணலியின் வேலையைச் செய்கிறது.

பனிக்கட்டி இந்த அடுப்பின் தனிப் பகை. உறைந்த தண்ணீரில் மூலக்கூறுகள் படிகச் சட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அவற்றால் அசையவே முடியாது. பனிக்கட்டி வெகுவாக விழுங்கும் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸ் அளவில், அதாவது லட்சக்கணக்கான மடங்கு கீழே இருக்கிறது. 2.45 கிகாஹெர்ட்ஸில் அது அலைக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடிதான். திரவத் தண்ணீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாக உள்வாங்குகிறது. உறைந்த உணவில் ஓர் ஓரத்தில் சிறிது உருகியதும், அந்தத் துளித் தண்ணீர் அலை முழுவதையும் தன் பக்கம் இழுக்கத் தொடங்குகிறது. சூடாகிறது, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் உருக்குகிறது, அதுவும் சேர்ந்துகொள்கிறது. அந்த மூலை வெந்து முடிந்தபோதும் அடுத்த மூலை பாறையாகவே இருக்கும். இளக்கும் பொத்தானை அழுத்தினால் அடுப்பு விட்டுவிட்டு ஓடுவது இதற்காகத்தான். பழைய வகை அடுப்புகளில் குறைந்த திறன் என்பதே கிடையாது. அலையை உண்டாக்கும் குழலான மேக்னட்ரான் ஓடினால் முழு வீச்சில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நிற்கும் நேரத்தில், உருகிய பகுதியின் சூடு மற்ற இடத்துக்குப் பரவ அவகாசம் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் வகைகள் மட்டும் திறனை உண்மையிலேயே குறைத்து ஓட்டுகின்றன.

மேக்னட்ரான் போரின் பிள்ளை. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேண்டலும் ஹாரி பூட்டும் ரேடாருக்காக உருவாக்கிய குழிவு மேக்னட்ரான்தான், உருமாறி, இன்றும் அடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ரேதியான் நிறுவனத்தில் அதைத் தயாரித்துக்கொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1945 அக்டோபரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது ஆவணத்தில் இருக்கிறது. 1947இல் வந்த முதல் அடுப்பு ஆளுயரம், 340 கிலோ எடை, குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டும். சமையலறை மேடையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கிப் பரவலாக விற்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

அந்தப் பெட்டிக்குள் அலை சுவர்களில் மோதித் திரும்பித் தன்மேலேயே விழுகிறது. சில இடங்களில் கூடுகிறது, சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது. சுழலும் தட்டு இந்தச் சூட்டுத் திட்டுகளைச் சமன் செய்யத்தான். தட்டை எடுத்துவிட்டு ஒரு சாக்லேட் பலகையை அசையாமல் வைத்துச் சில நொடிகள் ஓட்டிப் பார்த்தால் திட்டுத்திட்டாக உருகும். இரண்டு திட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர், அதாவது அலைநீளமான 12.2 சென்டிமீட்டரில் பாதி. அதை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம் வந்துவிடுகிறது. சமையலறையில் அளவுகோலை வைத்து நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொடுவது எனக்கு இன்னும் சலிக்காத வேடிக்கை. ஒவ்வொரு முறையும் சரியாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் பலவித அலைக்கோலங்கள் கலந்து கிடப்பதால் திட்டுகள் கோணல்மாணலாகவும் விழும். தட்டு சுழன்றாலும் அதன் நடுப்புள்ளி நகர்வதில்லை. அதனால் கிண்ணத்தை நட்டநடுவில் வைப்பதைவிடச் சற்று ஓரமாக வைப்பது நல்லது.

இனி பயத்துக்கு வருவோம். கதிர்வீச்சு உணவை மாற்றிவிடும், அணுக்களைச் சிதைத்துவிடும், உணவுக்குள் தங்கிவிடும் என்கிறார்கள். ஓர் அலை ஒரு வேதிப் பிணைப்பை உடைக்குமா என்பது அதன் தனித்தனி ஃபோட்டானின், அதாவது அலை சுமந்துவரும் ஒவ்வொரு ஆற்றல் பொட்டலத்தின், அளவைப் பொறுத்தது, மொத்த வாட் அளவைப் பொறுத்தது அல்ல. இந்த நுண்ணிய ஆற்றலை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானில் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. மைக்ரோவேவ் ஃபோட்டானில் இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண அறைச் சூட்டில் மூலக்கூறுகள் தமக்குள் மோதிப் பரிமாறிக்கொள்ளும் ஆற்றலே இதைவிட ஈராயிரம் மடங்குக்கு மேல் அதிகம். உணவில் வேதி மாற்றம் நடக்கிறது என்றால் அது சூட்டால் நடக்கிறது, விறகடுப்பில் நடப்பதைப் போலவே. சூடு சுடும், அளவு மீறினால் உடலையும் சுடும். ஆபத்து அந்த வகை ஆபத்து மட்டுமே.

கதவின் கண்ணாடியில் இருக்கும் துளையிட்ட உலோகத் தகட்டைப் பார்த்துச் சிலர் கவலைப்படுகிறார்கள்: இத்தனை ஓட்டை இருக்கிறதே என்று. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை வழியாக 12 சென்டிமீட்டர் அலை வர முடியாது. ஒளியின் அலைநீளம் துளையைவிட ஆயிரம் மடங்குக்குக் கீழ் என்பதால் ஒளி மட்டும் வருகிறது. கவலைப்பட வேண்டிய இடம் துளைகள் அல்ல, கதவின் ஓரம். அங்கே அலைநீளத்தில் கால் பங்குக் கணக்கில் ஒரு பள்ளம் ஒளிந்திருக்கிறது. இடுக்கு வழியாக நழுவும் அலையைத் தன்னோடு தானே மோதவைத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. கதவு வளைந்துவிட்டாலோ கீல் தளர்ந்தாலோ அடுப்பை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது இதனால். அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் கசிவு, அடுப்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிவாட். ஓரெட்டுத் தள்ளி நின்றால் அதுவும் வேகமாகக் குறைந்துவிடும்.

கைப்பேசியை அடுப்புக்குள் வைத்து அழைத்துப் பார்த்து, மணி அடித்தால் அடுப்பு கசிகிறது என்று முடிவுகட்டும் சோதனை ஒன்று சுற்றுகிறது. அது எதையும் சோதிப்பதில்லை. மில்லிவாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு கிடைத்தாலும் பேசிவிடும்படி கட்டப்பட்ட கருவி கைப்பேசி. அடுப்பு தன் ஆயிரம் வாட்டை உள்ளேயே அடக்கிவைக்கப் போதுமான தடுப்பு, கைப்பேசியின் காதை அடைக்கப் போதாது. தவிர, கைப்பேசி பேசும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் வேறு.

கசிவின் அளவைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் நடந்தது. 64 மீட்டர் விட்டமுள்ள அந்தத் தட்டில் நெடுங்காலமாகச் சில மர்மத் துடிப்புகள் பதிவாகிவந்தன. தொலைதூரப் பிரபஞ்சத்திலிருந்து வரும் வேக வானொலி வெடிப்புகளைப் போலவே தோற்றம், ஆனால் வானில் ஒரு புள்ளியிலிருந்து வரவில்லை. 2011இல் அவற்றைப் பற்றி எழுதியவர்கள் பெரிட்டான் என்று பெயரிட்டார்கள். துடிப்புகள் பெரும்பாலும் வேலை நாட்களில், அலுவலக நேரத்தில் வந்தன. விண்மீன்களுக்கு அலுவலக நேரம் கிடையாது. 2015இல் எமிலி பெட்ரோஃப் குழுவினர் துப்புத் துலக்கினார்கள்: ஆய்வகத்தின் சமையலறையில் யாரோ பொறுமையின்றி, நேரம் முடியும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் அடுப்பின் கதவைத் திறக்கிறார்கள். மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் ஒரு துளி அலை வெளியே தப்புகிறது. பல கோடி ஒளியாண்டுத் தொலைவின் முணுமுணுப்பைக் கேட்கக் கட்டிய தட்டுக்கு அது கூச்சலாகக் கேட்டது. திறந்தவர் உடலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதையும் பயமுறுத்தும் செய்தியாகிவிடும்.

அப்படி ஆன கதை ஒன்று உண்டு. மைக்ரோவேவ் உணவு இரத்தத்தைக் கெடுக்கும் என்று பரவும் செய்திகளின் ஊற்றுக்கண், சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஹெர்ட்டெல் 1992இல் வெளியிட்ட ஆய்வு. கலந்துகொண்டவர்கள் எட்டுப் பேர். அவரோடு ஆய்வு செய்த பேராசிரியரே அந்த முடிவுகளிலிருந்து விலகிக்கொண்டார். வீட்டு மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கம் வழக்குப் போட்டு, அவர் அப்படிப் பேசக்கூடாது என்று தடை வாங்கியது. 1998இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது அவருடைய கருத்துரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் நீதிமன்றம் சொன்னது அவர் பேசலாம் என்பது. அவர் பேசியது உண்மை என்பது அல்ல. சங்கம் வாயை மூடாமல் விட்டிருந்தால், எட்டுப் பேர் ஆய்வு எப்போதோ மறந்துபோயிருக்கும். தடை போட்டதால்தான் அதற்குத் தியாகி வேடம் கிடைத்தது.

சத்து அழியும் என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது, எல்லா அடுப்புக்கும் பொதுவான நியாயம். 2003இல் ஸ்பெயினில் புரோக்கோலியை வைத்துச் செய்த ஆய்வில், மைக்ரோவேவில் வெந்ததிலிருந்து ஒருவகைச் சத்துகள் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டன. செய்தித்தாள்கள் தலைப்பைப் பிடித்துக்கொண்டன. அந்தக் காய் தண்ணீரில் மூழ்கி வெந்தது என்பதுதான் காரணம். சத்து தண்ணீரில் கரைந்து போனது. கொஞ்சமே தண்ணீர் தெளித்து மூடிவைத்துக் குறைந்த நேரம் வேகவிட்டால், நீண்ட நேரம் கொதிக்க வைப்பதைவிடச் சத்து அதிகமாகவே தங்கும்.

என் அச்சங்கள் வேறு. வழவழப்பான கோப்பையில் தண்ணீரைத் தனியாகச் சூடாக்கினால், குமிழி பிறக்க இடம் கிடைக்காமல், நூறு டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். கரண்டி பட்டதும் பொங்கிக் கையிலும் முகத்திலும் அடிக்கும். சூடாக்கும் முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டுவைத்தால் போதும். குழந்தையின் பால் புட்டி இன்னொன்று: வெளியே தொட்டால் இதம், உள்ளே ஒரு பகுதி வாயைப் பொசுக்கும் சூடு. புட்டியை இந்த அடுப்பில் வைக்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதில் மிகை இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய் மிகுந்த உணவைக் கொதிக்கவிட்டால் பிளாஸ்டிக்கின் சேர்மானங்கள் உணவில் இறங்கும். அதைச் செய்வது அலை அல்ல, சூடு. நான் கண்ணாடிக்கு மாறிவிட்டேன். மீந்த உணவை மீண்டும் சூடாக்கும்போது குளிர்ந்த திட்டுகளில் கிருமிகள் பிழைத்துவிடும் என்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. நடுவே நிறுத்திக் கிளறுவதும், முடிந்தபின் ஓரிரு நிமிடம் மூடியே வைப்பதும் அதற்காகத்தான். அலை எட்டாத இடத்துக்குச் சூடு நடந்துபோக வேண்டும்.

என் சித்தி மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறப்பார். உள்ளே மிச்சமிருக்கும் கதிர் அடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. மேக்னட்ரான் நின்றதும் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அலை தீர்ந்துவிடும் சித்தி, இந்த இரண்டு நிமிடம் சூடு பரவுவதற்கு என்று விளக்கினேன். "எப்படியும் காத்திருக்கத்தானே சொல்கிறாய்?" என்றார்.